ஏழாம் மதகில் நின்ற நீர்

ஆடிப் பதினெட்டு அன்று காலை, நெருஞ்சிமலை அணை தனக்கு வலிக்கிறது என்று சொன்னது.

அங்கே எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள். அணையின் கல்லுக்குள்ளும் இரும்புக்குள்ளும் தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி இழைகளைப் பதித்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. எங்கே இறுக்கம் கூடினாலும், எங்கே ஒரு விரிசல் வாய் திறந்தாலும் இழைகள் அதை உணர்ந்து கட்டுப்பாட்டு அறைத் திரையில் காட்டிவிடும். ஊழியர்கள் அதற்கு 'நரம்பு' என்று பேர் வைத்திருந்தார்கள். வெயில் ஏறினால் நரம்பு முனகும். தண்ணீர் ஏறினாலும் முனகும். இத்தனை காலமும் முனகியதோடு சரி.

அன்று கத்தியது.

செயற்பொறியாளர் கோகிலவாணி படியேறி ஓடி வந்தபோது திரை முன்னால் பெனடிக்ட் நின்றிருந்தார். பெனடிக்ட் அணை ஊழியர் அல்ல. ஓர் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்து அணை விடுதியில் தங்கியிருந்த வேதியியலாளர். நாகர்கோவில்காரர், எப்போதும் சிரித்த முகம். இப்போது அதில் சிரிப்பு இல்லை.

"ஏழாம் மதகு, மேடம். மதகுப் பலகையைத் தாங்குற இடது கையில விரிசல். உள்ளுக்குள்ளயே ஓடுது. வெளிய இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது."

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"மத்தியானத்துக்குள்ள போயிரும்னு காட்டுது. எனக்கு அதுக்கு முன்னாடியே போயிரும்னு தோணுது."

கோகிலவாணி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். இரண்டு வாரமாகப் பெய்த மழையில் அணை விளிம்பு வரை நிறைந்து தளும்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மதகும் ஒரு மாடி வீட்டு உயரம். ஒன்று பிய்த்துக்கொண்டால் அந்த உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் அத்தனையும் கருவாற்றில் பாயும். ஆற்றின் முதல் வளைவிலேயே பூவாத்தா கோயில் படித்துறை. இன்றைக்கு ஆடிப்பெருக்கு. சுற்றுவட்டாரத்து ஊர்களெல்லாம் இந்நேரம் அங்கேதான் இருக்கும்.

மற்ற மதகுகளைத் திறந்து நீர்மட்டத்தைக் குறைப்பதுதான் வழக்கமான வைத்தியம். ஆனால் திறந்துவிடும் தண்ணீரே படித்துறையை அடித்துக்கொண்டு போய்விடும். அவள் கலெக்டருக்கு போன் செய்தாள்.

"சைரன் ஊதிக் கூட்டத்தைக் கலைக்க முடியுமா மேடம்?"

"அந்தப் படித்துறைக்கு மேல ஏற ஒரே ஒரு கல்வாசல்தான் இருக்கு, கோகிலா. பின்னாடி தண்ணி வருதுன்னு ஒரு சத்தம் கேட்டாப் போதும், வாசல்லயே மிதிபட்டுச் செத்துப்போவாங்க. மெதுவா மேல அனுப்பச் சொல்றேன். எப்படியும் சாயங்காலம் ஆயிடும். அதுவரைக்கும் தாங்க வைக்க முடியுமா?"

போனை வைத்தபோது பெனடிக்ட் தயங்கித் தயங்கிச் சொன்னார். "கிடங்குல வித்து இருக்கு, மேடம்."

வித்து என்பது அவர் கண்டுபிடித்த தூள். அதைத் தண்ணீரில் தூவி மின்சாரம் பாய்ச்சினால் தண்ணீர் உறையும். குளிராமலே உறையும். முதலில் இளநுங்கு போல் ஆகி, பிறகு முற்றிய நுங்காகி, கடைசியில் கல்லாகிவிடும். உடைந்த அணைகளையும் கரைகளையும் அடைக்க அரசு இதைத்தான் நம்பியிருந்தது. நெருஞ்சிமலையில் சோதித்துப் பார்க்க மதகுத் தூண்களில் கம்பிகளைக்கூடத் தொங்கவிட்டாயிற்று. அதற்கு முன் ஒரு கல்குவாரிக் குட்டையில் சோதனை நடந்தது. தண்ணீர் அழகாக உறைந்தது. குட்டையிலிருந்த மீன்களெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொம்மைகளைப் போல அப்படியே செத்து நின்றன.

அந்தப் படம் வெளியானதும் அணை மீனவர்கள் பரிசல்களைத் தலையில் சுமந்து வந்து கலெக்டர் ஆபீஸ் ரோட்டில் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுடைய சங்கத் தலைவி மாதம்மாள். அவளிடம் கோகிலவாணியே நேரில் போய்ச் சொல்லியிருந்தாள்: "நான் இங்க இருக்கிற வரைக்கும் இந்தத் தூளை நம்ம தண்ணியில போட மாட்டேன்." அதை நம்பித்தான் அவர்கள் எழுந்து போனார்கள்.

"எப்படித் தூவணும்?" என்று கேட்டாள் கோகிலவாணி.

"மோட்டார் படகு ஆகாது. விசிறி சுத்தினா தூள் ஒரு பக்கமா ஒதுங்கிரும். தண்ணி அசையாம நிக்கணும். ஆத்துக்கு விடுற தண்ணியையும் நிறுத்தணும், இல்லன்னா வித்தை இழுத்துட்டுப் போயிரும். சமமாத் தூவணும்னா பரிசல்தான் சரி."

கோகிலவாணி ஜீப் சாவியை எடுத்தாள்.

பண்டிகை என்பதால் அன்று யாரும் வலை வீசப் போகவில்லை. கரையில் பரிசல்கள் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. மாதம்மாள் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். துடுப்புப் போட்டுப் போட்டு இறுகிய தோள்கள். ஜீப்பிலிருந்து இறங்கியவளின் முகத்தைப் பார்த்ததுமே வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டாள்.

கோகிலவாணி சுற்றி வளைக்கவில்லை. எல்லாவற்றையும் அப்படியே சொன்னாள்.

"எங்க வலைக்கு எங்க கையாலயே தீ வைக்கச் சொல்றீங்க," என்றாள் மாதம்மாள்.

"ஆமா."

"எந்தெந்த இடம் உறையும்?"

"அணைக்குள்ள, ஏழாம் மதகுக்கு முன்னாடி இருக்கிற வளைவு பூராவும்."

"அங்கதானுங்க மேடம் இப்ப மீனு முட்டை வெச்சிருக்குது."

"தெரியும், மாதம்மா."

"தெரிஞ்சேதான் வந்திருக்கீங்க. சரி, மறுபடி மீனு எப்ப வரும்?"

"தெரியாது. கோடை வரைக்கும் உறைஞ்சு கிடக்கும். அதுக்கப்புறம் கரையும். கரைஞ்ச தண்ணிக்கு மீன் திரும்பி வருமான்னு யாருக்கும் தெரியாது."

"வந்துரும்னு ஒரு பொய்யாச்சும் சொல்லலாமில்ல?"

"உங்களுக்குக் கொடுத்த வாக்கை உடைக்க வந்திருக்கேன். அதோட பொய்யும் வேண்டாம்."

மாதம்மாள் எழுந்தாள். பின்னால் அவளுடைய ஆட்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்திருந்தார்கள். "முடியாதுன்னு சொல்லுக்கா!" என்று ஒருவன் கத்தினான். "அன்னிக்கு ரோட்டுல உக்காந்தப்போ நம்மள எந்தச் சனம் வந்து என்னான்னு கேட்டுச்சு?"

"ஒருத்தரும் கேக்கல," என்றாள் மாதம்மாள். அணைச் சுவரைப் பார்த்தாள். அதற்கு அந்தப் பக்கம் இருக்கும் படித்துறை இங்கிருந்து தெரியாது. ஆனால் காற்றில் நாதஸ்வரமும் உருமியும் லேசாகக் கேட்டன. சிறிது நேரம் அதைக் கேட்டபடி நின்றவள், திடீரென்று கோகிலவாணியின் பக்கம் திரும்பி வசவு ஒன்றை உதிர்த்தாள். அவளை நோக்கியா, அணையை நோக்கியா என்று சொல்ல முடியாத வசவு. பிறகு தன் ஆட்களைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"நிமித்துங்கடா பரிசலை! என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? மூட்டை எங்கங்க இருக்குது?"

அதன்பின் நடந்ததெல்லாம் ஓட்டம்தான். லாரியிலிருந்து மூட்டைகள் கைக்குக் கை மாறி இறங்கின. பரிசல்கள் சுழன்று சுழன்று தண்ணீருக்குள் போயின. அணையிலிருந்து ஆற்றுக்குப் போகும் தண்ணீர் அடியோடு நிறுத்தப்பட்டது. எப்போதும் அதிர்ந்துகொண்டே இருக்கும் அணைப் பாலம் கோகிலவாணியின் காலுக்கடியில் முதல்முறையாக அடங்கி நின்றது. கீழே பரிசல்காரர்கள் விதைக்கிற மாதிரி கையை வீசி வீசித் தூளைத் தூவினார்கள். பச்சைத் தண்ணீர் அரிசி களைந்த தண்ணீராக வெளுத்தது. கோகிலவாணி கைப்பிடிக்கு மேல் குனிந்து பார்த்தாள். பயம்தான். ஆனால் பயம் மட்டும் இல்லை. தன் வாழ்நாளில் இப்படி ஒன்றைப் பார்ப்போம் என்று அவள் நினைத்ததே இல்லை.

அப்போதுதான் கலெக்டரின் போன் வந்தது.

"கோகிலா, தண்ணிய நிறுத்தினதும் என்னாச்சு தெரியுமா? ஆறு வத்தவும் சனமெல்லாம் தண்ணியைத் தேடி உள்ள இறங்கிட்டாங்க. படியில இருந்தவங்க இப்ப நடு ஆத்துல நிக்கிறாங்க. குழந்தைங்க மீன் பிடிச்சு விளையாடுதுங்க. போலீஸ் கூப்பிட்டா ஒருத்தரும் காதுலயே வாங்கல."

கோகிலவாணி பாலத்தின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். காப்பாற்றுவதற்காகச் செய்த காரியமே அவர்களை வெள்ளத்தின் வாய்க்குள் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது.

"பெனடிக்ட், சீக்கிரம்!"

"நான் ரெடி, மேடம்." பாலத்தின் மேல் வைத்திருந்த மின்பெட்டியின் பிடியில் அவர் கை இருந்தது. "எல்லாப் பரிசலும் வெளிய வரணும். கரண்ட் பாயும்போது தண்ணியில ஒரு உயிர் இருக்கக் கூடாது."

பரிசல்கள் ஒவ்வொன்றாகக் கரையேறின. ஒன்று மட்டும் ஏழாம் மதகுக்கு மிக அருகில், தூணின் மூலையில் சுற்றிக்கொண்டிருந்தது. மாதம்மாளுடையது. அந்த மூலைக்குத் தூள் எட்டவில்லை என்று அவளே கடைசி மூட்டையோடு போயிருந்தாள்.

"மாதம்மா, போதும்! வாங்க!"

அவள் மூட்டையை உதறிக் கவிழ்த்துவிட்டுத் துடுப்பை எடுத்தாள். அந்த நொடியில் மதகிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இரும்பு கத்துகிற சத்தம். பாலம் முழுக்க ஓர் உதறல் ஓடியது. மதகின் ஒரு ஓரத்தில் தண்ணீர் மெலிதாகப் பீய்ச்சத் தொடங்கியது. மற்ற ஊழியர்கள் பின்னால் ஓடினார்கள்.

"போகுது மேடம்! போடட்டுமா?"

"ஏணி! மாதம்மா, தூண்ல ஏணி இருக்கு, ஏறுங்க!"

ஆட்கள் இறங்கிப் பார்க்கத் தூணில் பதித்திருந்த இரும்புப் படிகள் அவை. மாதம்மாள் பரிசலிலிருந்து தாவி ஒன்றைப் பிடித்தாள். பாசி. கை வழுக்கியது. இடுப்பு வரை தண்ணீருக்குள் விழுந்து, மறுபடி பிடித்துக்கொண்டாள்.

"மேடம், கீழ பத்தாயிரம் பேர் இருக்காங்க!" பெனடிக்டின் குரல் உடைந்தது.

"ஏறட்டும்."

"மேடம்!"

"ஏறட்டும்னு சொன்னேன்!"

மதகு மறுபடியும் கத்தியது. மாதம்மாள் ஒரு படி ஏறினாள். சேலை தண்ணீரில் இழுத்தது. அதை ஒரு கையால் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு இன்னொரு படி ஏறினாள். பாதம் தண்ணீரை விட்டு மேலே வந்தது.

"இப்ப!"

பெனடிக்ட் பிடியைக் கீழே இழுத்தார்.

பெரிய வெளிச்சமோ வெடியோ எதுவும் இல்லை. தண்ணீரின் மேல் ஒரு சிலிர்ப்பு ஓடியது, அவ்வளவுதான். அலைகள் எழுந்த இடத்திலேயே நின்றன. பரிசல் சாய்ந்தபடியே நின்றது. அதே நேரத்தில் ஏழாம் மதகின் கை இரண்டாக முறிந்தது. அத்தனை டன் இரும்பும் சுழன்று விழுந்து அணையின் அடிவாரத்தில் இடி மாதிரி மோதியது.

கோகிலவாணி கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்து வர வேண்டிய சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

அது வரவில்லை.

பாலத்தின் மறுபக்கம் ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள். மதகு இருந்த இடத்தில் மதகு இல்லை. இரண்டு தூண்களுக்கு நடுவே தண்ணீர், வெளுப்பு நீங்கிக் கண்ணாடியாகி, சும்மா நின்றுகொண்டிருந்தது. வெயில் அதற்குள் புகுந்து பச்சையாக வெளியே வந்தது. உள்ளே கெண்டையும் கெளுத்தியும் நீந்திய நிலையிலேயே தொங்கின.

பெனடிக்ட் சிரித்தார், அழுதார், இரண்டையும் சேர்த்துச் செய்தார். ஊழியர்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு குதித்தார்கள். மாதம்மாளைக் கயிறு கட்டிப் பாலத்தின் மேல் தூக்கினார்கள். அவள் ஈரத்தோடு வந்து கோகிலவாணியின் பக்கத்தில் நின்று, நீர்ச்சுவருக்குள் தெரிந்த மீன்களை வெகுநேரம் பார்த்தாள்.

"அந்தப் பெரிய கெண்டைக்கு வயித்துல முட்டை இருக்குது," என்றாள். கோகிலவாணி தன் துப்பட்டாவை எடுத்து மாதம்மாளின் தோளில் போர்த்தினாள். மாதம்மாள் அதை விலக்கவில்லை. நன்றாகப் போர்த்திக்கொள்ளவும் இல்லை.

"ஒரு சிக்கல் இருக்கு, மேடம்," என்று பெனடிக்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். "இது இன்னும் இளநுங்குதான். முத்தறதுக்கு நேரம் ஆகும். நடுவுல ஒரு ஓரம் விட்டுச்சுன்னா மொத்தமும் போயிரும். விடாதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

"ஆத்துல இன்னும் சனம் நிக்குது."

"அதான் சொல்றேன்."

பூவாத்தா துறைக்கு ஜீப்பில் போகும் வழியெல்லாம் அவளுக்கு ஒரே யோசனைதான். பயமுறுத்தினால் வாசலில் மிதிபடுவார்கள். கெஞ்சினால் காதில் வாங்கமாட்டார்கள். பயமும் இல்லாமல், கெஞ்சலும் இல்லாமல் ஒரு கூட்டத்தை ஆற்றிலிருந்து எப்படி வெளியே வரவழைப்பது?

துறையில் இறங்கியதுமே பதில் அவள் காதில் விழுந்தது.

"எவடி அந்த இன்ஜினீயர்? பெருக்கு அன்னிக்கே தண்ணிய நிறுத்தி வெச்சிருக்கா!"

நடு ஆறு முழுக்கத் தலைகள். முழங்கால் அளவு தண்ணீர் தேங்கிய குழிகளில் பெண்கள் முளைப்பாரியோடு நின்று திட்டிக்கொண்டிருந்தார்கள். கோகிலவாணி நேராகக் கோயில் மைக் இருந்த இடத்துக்குப் போனாள். பாட்டை நிறுத்தச் சொன்னாள்.

"எல்லாரும் கேளுங்க. நான்தான் அணை இன்ஜினீயர். தண்ணிய நிறுத்துனது நான்தான். இன்னிக்கு ஒரு சொட்டுகூட வராது."

ஆற்றுக்குள் நின்ற கூட்டம் இரைந்தது. அவள் அதற்கு மேலும் குரலை உயர்த்தினாள்.

"ஏன்னு கேக்கணும்னா மேல வந்து கேளுங்க! ஆத்துக்குள்ள நின்னு கத்துறவங்களுக்கெல்லாம் பதில் சொல்றதுக்கு நான் ஒண்ணும் வேலை இல்லாதவ இல்ல!"

பக்கத்தில் நின்ற இன்ஸ்பெக்டர் வெளுத்துப்போனார். "என்ன மேடம் பேசுறீங்க? கிழிச்சுருவாங்க. ஜீப்புல ஏறுங்க."

"ஏற மாட்டேன். வாசல்ல உங்க ஆளுங்களை நிறுத்தி வழி மட்டும் பாத்துக்கச் சொல்லுங்க. ஒருத்தரையும் தடுக்க வேண்டாம்."

வந்தார்கள். முதலில் இளைஞர்கள், பிறகு குடும்பம் குடும்பமாக. குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, வயதானவர்களைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு, "வாங்க, நாலு வார்த்தை நல்லாக் கேட்டுட்டு வரலாம்" என்று ஒருவரை ஒருவர் அழைத்துக்கொண்டு வந்தார்கள். யாருக்கும் பயம் இல்லாததால் யாரும் யாரையும் மிதிக்கவில்லை. கோகிலவாணி அவர்களைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து நடந்து, சாலையைத் தாண்டி, மேட்டிலிருந்த கோயில் மைதானம் வரை அவர்களை இழுத்துக்கொண்டு போனாள். பதில் சொல்வது போல் வாயைத் திறப்பாள். பிறகு, "இன்னும் பின்னாடி இருக்கிறவங்க வரட்டும், எல்லாருக்கும் சேத்து ஒரே தடவைதான் சொல்வேன்" என்பாள். அதற்கும் திட்டு விழும். அவளுடைய குடும்பம், படிப்பு, சம்பளம், நிறம், எதுவும் தப்பவில்லை. மதியம் சாய்ந்தபோது படித்துறையின் கல்வாசல் வழியாகக் கடைசிக் குடும்பமும் மேலே வந்து சேர்ந்திருந்தது. ஆற்று மணல் வெறுமையாகக் கிடந்தது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு பெண் முன்னால் வந்தாள். புதுத்தாலி, கழுத்தில் இன்னும் மஞ்சள் காயாத கயிறு. ஒரு கையில் வாடிப்போன கல்யாண மாலை, இன்னொரு கையில் தூக்குவாளி.

"இந்த மாலையை ஆத்துல விடத்தானே அவ்வளவு தூரத்துல இருந்து வந்தோம்? இப்ப இத எங்க கொண்டுபோய் விடுறது? உங்க வீட்டுக் குழாயிலயா?"

சுற்றி நின்றவர்கள் ஆரவாரம் செய்தார்கள். அந்த உற்சாகத்தில் அவள் தூக்குவாளிக்குள் கையைவிட்டு, ஒரு பிடி காப்பரிசியை அள்ளிக் கோகிலவாணியின் முகத்தில் எறிந்தாள்.

அதே நேரம் கோகிலவாணியின் போன் அதிர்ந்தது. காதில் வைத்தாள். பெனடிக்டின் குரலுக்குப் பின்னால் யாரோ கல்லின் மேல் சுத்தியலால் அடிக்கும் சத்தம் கேட்டது.

"கேக்குதா மேடம்? கல்லு! முத்திப்போச்சு! இனி யானை முட்டினாலும் அசையாது!"

அவள் போனை மெதுவாகக் கீழே இறக்கினாள். இப்போது சொல்லிவிடலாம். மேட்டின் மேல் நின்றுகொண்டு, இவர்களிடம் எல்லாவற்றையும் ஆதியோடந்தமாகச் சொல்லலாம். மாதம்மாளின் பெயரைச் சொல்லித் தொடங்க வேண்டும். வாயைத் திறந்தாள். உதட்டோரத்தில் ஒட்டியிருந்த அரிசி நாக்கில் பட்டது. வெல்லமும் எள்ளும் ஊறிய அரிசி. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வயிறு சுண்டி இழுத்தது. எதிரே பார்த்தாள். கண்ணுக்கெட்டிய வரை கோபமான முகங்கள். ஒன்றுகூடக் குறையாமல் எல்லாம் மூச்சுவிட்டுக்கொண்டு, கத்திக்கொண்டு, கை நீட்டிச் சண்டை போட்டுக்கொண்டு நின்றன. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"சொல்றேம்மா, எல்லாம் சொல்றேன்," என்றாள் அந்தப் பெண்ணிடம். "அதுக்கு முன்னாடி, அதுல இன்னும் கொஞ்சம் இருக்கா? ரொம்பப் பசிக்குது."

அந்தப் பெண் திகைத்து நின்றாள். கையிலிருந்த தூக்குவாளியைப் பார்த்தாள், கோகிலவாணியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு வாளியை அவள் பக்கம் நீட்டினாள்.

திட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.